குடியை விட்டவன்: மலையக எழுத்தில் விடுபட்ட ஒரு பாத்திரம்

மலையகத் தமிழ் எழுத்தில் குடிகாரனுக்குக் குறைவில்லை. சம்பளநாள் இரவில் தவறணையிலிருந்து தள்ளாடி வரும் தொழிலாளி, இஸ்தோப்பிற் குழந்தையோடு காத்திருக்கும் மனைவி, உலை வைக்கப்படாத அடுப்பு, அடுத்த காம்பராவிலிருந்து எழும் ஏச்சுக்குரல் ஆகியன சிறுகதையிலும் மேடை நாடகத்திலும் பலகாற் பயின்று வந்துள்ளன. அவை பொய்க் காட்சிகளல்ல. அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தோட்டங்களை அறிந்தோர் அவற்றை மிகையென்று தள்ளார். எனினும், அதே லயங்களில் வாழும் வேறொரு மனிதன் இவ்வெழுத்துகளில் அரிதாகவே இடம்பெறுகின்றான். பல ஆண்டுகள் குடித்தவன். வைத்தியசாலையையோ மறுவாழ்வு நிலையத்தையோ நாடாமல் ஒரு கட்டத்தில் குடியை நிறுத்தியவன். பின்னரும் அதே லயத்தில், அதே கூட்டாளிகளின் நடுவே, அதே தவறணைப் பாதையால் வேலைக்குச் சென்று வாழ்பவன். ‘முந்தி நல்லாக் குடிச்ச மனுசன்’ என்று தோட்டம் அவனைச் சுட்டிக்காட்டும். தோட்டம் அறிந்த அவனை இலக்கியம் ஏன் அறியவில்லை என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

வினா சிறிதெனத் தோன்றலாம். ஆயின், ஒரு சமூகத்தைப் பற்றி எழுதுவோர் அதன் வீழ்ச்சியை மட்டும் காட்டி எழுச்சியைக் காட்டாது விடுவராயின், வீழ்ச்சியே அச்சமூகத்தின் இயல்பு என்னும் கருத்துக்குத் தம்மையறியாமலே துணைபோவர். தோட்டத் தொழிலாளரைத் தாமாக எதையும் தீர்மானிக்க இயலாத கூட்டமென நூறாண்டுகளுக்கு மேலாகக் கருதிவந்தோர் பலர். அத்தகைய சூழலில், குடியை விட்டவனைக் காணாத எழுத்து வெறும் அழகியற் குறை மாத்திரம் உடையதன்று. அது ஒரு சமூகக் குறையுமாகும்.

தவறணையும் தோட்டமும்

குடிப்பழக்கம் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரோடு கப்பலேறி வந்த குணம் என்னும் எண்ணம் இன்றும் சிலரிடம் உண்டு. வரலாறு அவ்வளவு எளிதானதன்று. 19ஆம் நூற்றாண்டிற் பிரித்தானிய ஆட்சி சாராய விற்பனை உரிமையைக் குத்தகைக்கு விட்டு அரசிறை ஈட்டியது. கோப்பித் தோட்டங்கள் பெருகக் கூலி பெறும் மக்கட் கூட்டம் மலைநாட்டிற் குவிந்தது. அக்கூட்டத்தைத் தேடித் தவறணைகளும் மலையேறின. அக்குத்தகையால் உள்ளூரில் எழுந்த செல்வர் வர்க்கத்தின் வளர்ச்சியைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது ஆய்வு நூலில் விரித்துரைத்துள்ளார். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தொடங்கிய தேயிலைச் செய்கை பின்னர்க் கோப்பியின் இடத்தைப் பிடித்தபோது மலைநாட்டின் பயிர் மாறிற்று, தவறணை மாறவில்லை. தொழிலாளியின் கூலியில் ஒரு பகுதி, குத்தகைக்காரரின் இலாபமாகவும் அரசின் வருவாயாகவும் அவன் கையைவிட்டு நீங்கியது.

தோட்டத்தின் நாளொழுங்கும் இங்கு நோக்கத்தக்கது. கவ்வாத்து வெட்டுதல், முள்ளுக் குத்துதல் முதலிய ஆண்களின் வேலைகள் பெரும்பாலும் அளவு வேலைகளாதலின் நண்பகலை ஒட்டி முடிந்துவிடும். கொழுந்து பறிக்கும் பெண்களோ மாலை நிறுவை முடிந்த பின்னரே லயத்துக்குத் திரும்புவர். திரும்பிய பின்னர் அடுப்பு வேலை அவர்களை எதிர்நோக்கியிருக்கும். சொந்தக் காணியில்லாத, பொழுதைக் கழிப்பதற்கு வேறிடம் அதிகமில்லாத ஆணுக்கு அந்த இடைப்பட்ட மணித்தியாலங்கள் நீண்டவை. குளிரும் மழையும் உடல் நோவும் அவற்றோடு சேர்கின்றன. தவறணை தொலைவாயின் கசிப்பு அண்மையிற் கிடைக்கும். பெண் தொழிலாளரின் நாட்சம்பளம் 1984 வரை ஆண்களின் சம்பளத்திலும் குறைந்ததாகவே இருந்தது; அக்குறைந்த சம்பளத்தையும் கணவனோ தந்தையோ சென்று பெற்றுக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. ஆகவே, தவறணைக்குச் சென்ற பணம் ஆணின் உழைப்பால் மட்டும் வந்ததன்று. குடியைப் பற்றிய எவ்வாராய்ச்சியும் இவ்வுண்மையை மறத்தலாகாது.

மூன்று நோக்குகள்

மலையகத்துக் குடிகாரனைப் பற்றிப் பேசியோரை மூன்று அணியினராக வகுக்கலாம்.

முதலாவது தோட்டத்துரையின் நோக்கு. குடியும் கடனும் சோம்பலும் ‘கூலி’யின் பிறவிக் குணங்கள் என்பது இந்நோக்கின் சாரம். இதில் விடுதலைக்கு இடமில்லை, மேற்பார்வைக்கே இடமுண்டு. வேலைக்குத் தவறாது வரும்வரை அவன் குடிப்பதும் குடியாதிருப்பதும் தோட்டத்துக்கு ஒன்றே.

இரண்டாவது போதகரின் நோக்கு. 1904இலும், கலால் சட்டம் வந்த 1912இலும் இலங்கையில் எழுந்த மதுவொழிப்பு இயக்கம் நாட்டு அரசியலையே அசைத்ததாயினும், அது சிங்கள பௌத்தக் கிராமங்களிலும் நகரங்களிலும் வேரூன்றியிருந்தது. தோட்டத் தொழிலாளர் அதன் உறுப்பினராகவன்றிப் புறத்தாராகவே இருந்தனர். 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் மலைநாட்டுக் கூட்டங்களிலே தொழிலாளரை நேருக்குநேர் நோக்கிக் குடியை விடுமாறு வேண்டினார். அப்பயணத்தில் உடன்வந்த மகாதேவ தேசாய் அதனை ஒரு நூலாகவே பதிவுசெய்தார். காந்தியடிகளின் பேச்சிற் சிறப்பான கூறு ஒன்றுண்டு. துரை எவனைத் தீர்மானிக்க இயலாதவன் என்று கண்டானோ, அவனையே தீர்மானிக்க வல்லவனாக அவர் கண்டார். அது பெரிய மதிப்பு. ஆயினும், கூட்டம் கலைந்த மறுநாட் பிற்பகலில், வேலை முடிந்து லயத்துக்கு வந்தவனின் கையிலே அத்தீர்மானத்தை யார் தாங்கிப் பிடிப்பது என்னும் வினாவுக்கு மேடைப் பேச்சு விடைதர இயலாது. எந்தப் போதனைக்கும் உள்ள எல்லை இது.

மூன்றாவது யதார்த்தவாத எழுத்தாளரின் நோக்கு. கோ. நடேசய்யர் 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தைத் தோற்றுவித்த காலந்தொட்டு வளர்ந்த தொழிற்சங்க உணர்வு, பின்னர் மலையகப் புனைகதையிலும் புகுந்தது. சி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். ராமையா, தெளிவத்தை ஜோசப் முதலியோர் தோட்ட வாழ்வை உள்ளிருந்து எழுதினர். துன்பத்துக்குத் தொழிலாளியின் குணத்தைக் காரணமாக்காமல், அவன் வாழும் நிலைமைகளைக் காரணமாகக் காட்டியமை இம்மரபின் அழியாத சாதனை. தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ ஒற்றையறை லயத்திலே வளர்ந்த பிள்ளைகளோடு குடும்பம் நடத்தும் அவலத்தைச் சொல்லும்போது, குற்றவாளி மனிதனல்லன், அவ்வறையே என்பது எவர்க்கும் விளங்கும்.

ஆனால், இம்மூன்றாம் நோக்கின் வலிமையிலேயே அதன் இடர்ப்பாடும் அடங்கியிருக்கின்றது. குடி முழுவதும் நிலைமைகளின் விளைவு எனக் கொண்டால், நிலைமைகள் மாறாதிருக்கையிலே குடியை விட்டவனை எவ்வாறு விளக்குவது? அவன் கோட்பாட்டுக்கு ஓர் இடைஞ்சலாகின்றான். இதனாற் போலும், எழுத்தாளர் பலர் அவனைத் தவிர்த்துவிடுகின்றனர். அல்லது குழந்தையின் சாவு, மனைவியின் தற்கொலை முயற்சி போன்ற பேரிடி ஒன்றை இறுதிப் பந்தியில் விழச்செய்து, அவனை ஒரே நொடியிற் திருத்திவிடுகின்றனர். முன்னது மௌனம், பின்னது நாடகப் பாங்கு. உண்மையான மீட்சி இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளது. அது பல மாதங்களில், பல தோல்விகளுக்குப் பின்னர், பெரும் ஓசையின்றி நிகழ்வது.

வள்ளுவர் தரும் இரு குறிப்புகள்

இம்மீட்சியை விளங்கிக்கொள்ளத் தமிழ் மரபிலேயே துணையுண்டு. சங்கச் சான்றோர் கள்ளைக் கொடையின் அடையாளமாகவும் பாடினர். அதியமானை இழந்த ஔவையின் கையறுநிலைப் பாட்டில் (புறநானூறு 235) கள்ளைப் பகிர்ந்தளித்தமை அவன் வள்ளன்மையின் சான்றாகவே வருகின்றது. குடி என்பது பகிர்தலோடும் நட்போடும் பிணைந்தது என்பதை இது காட்டும். இன்றைய லயத்திலும் ‘வாங்கிக் கொடுத்தல்’ ஓர் உறவுமுறை. வாங்கிக் கொடுத்தவனுக்குத் திருப்பிக் கொடாதவன் மானங்கெட்டவன். கொடுத்ததை மறுப்பவன் உறவை மறுப்பவன். குடியை விடுதல் கடினமாவது நாவின் சுவையால் மட்டுமன்று. அவ்வுறவு வலையை அறுக்க வேண்டியிருத்தலாலும் ஆகும்.

வள்ளுவரோ கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாக வைத்தார். அவ்வதிகாரத்தின் இறுதி இரு குறள்களின் அடைவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. 929ஆம் குறள், குடித்து மயங்கியவனுக்குக் காரணங்காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருள் மூழ்கியவனைத் தீப்பந்தங் கொண்டு தேடுவதை ஒக்கும் என்கின்றது. அதாவது, மயங்கிய நேரத்திற் போதனை பயன்படாது. அத்தோடு அதிகாரம் முடிந்திருந்தால், குடிகாரனுக்கு மீட்சியில்லை என்பதே வள்ளுவர் கருத்தெனக் கொள்ள நேர்ந்திருக்கும். ஆனால் 930ஆம் குறள் தொடர்கின்றது: தான் குடியாத வேளையில், குடித்த இன்னொருவனைக் காணும் ஒருவன், தன் நிலையும் இத்தகையதே என எண்ணிப் பாரானோ என்று அது வினவுகின்றது. புறத்தாரின் அறிவுரை தோற்ற இடத்தில், குடிப்பவனின் தெளிந்த வேளையும் அவன் கண்ணும் மனமும் முன்னிற்கின்றன. திருத்துவோன் எவனும் அக்குறளில் இல்லை. தன்னைத் தானே காண்பவனே உள்ளான். பிறர் உதவியின்றித் தொடங்கும் மீட்சியின் முதற்கணத்தை இதனினும் சுருக்கமாகக் கூறுதல் அரிது.

இரண்டாவது குறிப்பு 95ஆம் அதிகாரமாகிய மருந்தில் உள்ளது. அதன் இறுதிக் குறள் (950) மருத்துவத்தை நான்கு உறுப்புகளாக வகுக்கின்றது: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன். மருத்துவரை மாத்திரமன்றி, நோயாளியையும் பேணுபவனையும் சிகிச்சையின் உறுப்புகளாகவே வள்ளுவர் கொண்டார். முறையான சிகிச்சையின்றிக் குடியை விட்டவனின் கதையை இவ்வகுப்பின் துணைகொண்டு வாசித்தால் ஓர் உண்மை புலப்படும். அங்கே தீர்ப்பவனும் மருந்தும் இல்லை. ஏனைய இருவர் உளர். எனவே, ‘தானாகவே விட்டான்’ என்னும் வழக்கு முழு உண்மையன்று. மருத்துவர் இன்றி விட்டான் என்பதே சரி. அருகிருப்போர் இன்றி விட்டவர் மிகச் சிலரே.

அயல்நாட்டு ஆய்வுகளும் அவற்றின் எல்லையும்

இக்கருத்துக்கு நவீன ஆய்வுகளும் அரண் செய்கின்றன. 1962இல் சார்ள்ஸ் வினிக் என்பார், போதைக்கு அடிமையானோரிற் பலர் வயது முதிர முதிரப் பழக்கத்திலிருந்து கழன்றுவிடுதலைச் சுட்டினார். வியட்நாமிலிருந்து 1971இல் திரும்பிய அமெரிக்கப் போர்வீரரை ஆராய்ந்த லீ ரொபின்ஸ், அங்கு ஹெரோயின் முதலியவற்றுக்கு அடிமையாயிருந்தவருள் நாடு திரும்பிய முதலாண்டில் மீளவும் அடிமையானோர் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பேர் எனவும், மூன்றாண்டுக்குள் 12 பேர் எனவும் கண்டார். அவருட் பெரும்பாலார் சிகிச்சை பெறாதவர். 2001, 2002ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் நடத்தப்பட்ட பெருங் கணக்கெடுப்பை ஆராய்ந்து 2005இல் வெளியிடப்பட்ட முடிவுகளும் நோக்கத்தக்கன. முன்னர் மதுவுக்கு அடிமையாயிருந்தோரில், அடிமைநிலை நீங்காது இருந்தோர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர்; வாழ்நாளில் எப்போதேனும் சிகிச்சை பெற்றோரும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. எனவே மீண்டவர்களிற் பெரும்பாலார் வைத்தியசாலை வாயிலை மிதியாதவர்.

1935இல் அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரந்த ‘பெயரறியாக் குடிகாரர்’ சங்கத்திலும் மருந்தில்லை. குடித்தவன் குடித்தவனுக்குத் துணையிருத்தலே அதன் முறை. வள்ளுவரின் அருகிருப்போன் அங்கு சங்கமாக உருவெடுத்தான் எனலாம்.

ஆயின், அயல்நாட்டு ஆய்வுகளை அப்படியே மலையகத்துக்குப் பொருத்துதல் பிழையாகும். ரொபின்ஸ் ஆராய்ந்த வீரர்கள் போர்க்களத்தை விட்டு வீடு திரும்பியோர். அவர்களுக்கு இடம் மாறியது. தோட்டத் தொழிலாளிக்கு இடம் மாறுவதில்லை. சிகிச்சையின்றி மீண்டவர்களை ஆராய்ந்த கிரான்பீல்ட், கிளவுட் என்னும் இருவர், 1996இல் வெளியிட்ட கட்டுரையில் அத்தகையோரை எவரும் காணாத யானை என்று வருணித்தனர். வேலை, வீடு, கல்வி, குடும்பம், நண்பர் ஆகிய வளங்கள் உள்ளவனுக்கு மீட்சி எளிதாகின்றது என்று கூறி, அவ்வளங்களின் தொகுதியை மீட்சிக்கான மூலதனம் என்று அவர்கள் பெயரிட்டனர். ஆனால் அவர்கள் ஆராய்ந்தோர் பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்தினர். காணியும் வீடும் தோட்டத்துக்குரியனவாக, வேலையும் உறைவிடமும் ஒரே கையிற் சிக்கியிருக்கும் ஒருவனிடம் அம்மூலதனம் எவ்வளவு உண்டு? இவ்வினாவைக் கேளாமல், ‘மனமிருந்தால் எவரும் விடலாம்’ என்று கூறுவது இரக்கமற்ற பேச்சாகும். சிகிச்சை நிலையமின்றி ஏழைக்கு மீட்சியே இல்லையென்பதோ கண்ணெதிரே உள்ளதை மறுப்பதாகும். இரண்டும் ஒதுக்கத்தக்கன.

லயத்துக்குள் நிகழும் மீட்சி

அவ்வாறாயின், மூலதனமற்றவனின் மீட்சி எவற்றைப் பற்றிக்கொண்டு எழுகின்றது? மூன்றினை இங்கு எடுத்துக்காட்டலாம்.

ஒன்று, விரதம். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலையணிந்து 41 நாள் நோன்பிருத்தல், மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுதல், மாசியிற் காமன் கூத்துக்கு வேடந் தாங்குவோர் விரதங் காத்தல், கத்தோலிக்கர் தவக்காலத்திற் குடியை ஒறுத்தல் ஆகியன தோட்டங்களில் நன்கறியப்பட்டவை. இவற்றைப் பக்தியாக மட்டும் காண்போர் அவற்றின் சமூகச் செயற்பாட்டைத் தவறவிடுவர். மாலையணிந்தவனை மனைவியும் மக்களும் கூட்டாளியும் கங்காணியும் ‘சாமி’ என்றே விளிப்பர். அவனுக்குச் சாராயம் வாங்கிக் கொடுக்க எவனும் துணியான். அவன் மறுத்தால் உறவை மறுத்ததாகவும் ஆகாது. பகிர்தலின் கடனிலிருந்து அவன் மானத்தோடு விடுவிக்கப்படுகின்றான். போர்வீரனுக்கு ஊர் மாறியதால் நிகழ்ந்தது, இவனுக்கு விளியும் உடையும் மாறியதால் நிகழ்கின்றது. இடம் மாறாமலே சூழல் மாறுகின்றது. கைநடுக்கமும் தூக்கமின்மையும் உள்ள முதல் வாரங்களைக் கடக்க அவனுக்கு ஒரு காலவரையறையும் ஒரு காரணமும் கிடைக்கின்றன. மாலையைக் கழற்றிய அன்றே தவறணைக்குச் செல்வோரும் பலர் என்பது மெய். ஆயினும், நாற்பத்தொரு நாள் குடியாதிருக்கத் தன்னால் இயலும் என்பதை ஒருவன் தன் உடலிலேயே அறிந்துகொண்ட பின்னர், ‘என்னால் முடியாது’ என்னும் பழைய சொல் அவனுக்கு முழுவதும் பொருந்துவதில்லை. இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ சிலர் மாலையைக் கழற்றிய பின்னரும் குடியைத் தொடாதிருப்பதற்கு வித்து அங்கேதான் விழுகின்றது.

இரண்டு, பணத்தின் வழி. பெண் தன் சம்பளத்தைத் தானே பெறத் தொடங்கியமையும், பெண்கள் தமக்குட் சீட்டுப் பிடித்தலும், பிள்ளையின் படிப்புக்கெனத் தொகை ஒதுக்குதலும் குடிப்பவனின் கைக்கெட்டும் பணத்தைச் சுருக்குகின்றன. இதனைக் குடும்பச் சண்டை எனக் கண்ட எழுத்தாளர் பலர். மீட்சியின் ஒரு கருவியெனக் கண்டவர் சிலர். சீட்டுக் கட்டும் வீட்டிற் குடிப்பவன், தன் மனைவியிடம் மட்டுமன்றிச் சீட்டிலுள்ள அத்தனை பேரிடமும் பொறுப்பாளியாகின்றான்.

மூன்று, கண். லயத்தின் மெல்லிய சுவர் அடுத்த காம்பராவின் இரகசியத்தைக் காக்காது. இவ்வெளிப்படைத்தன்மை இழிவையும் தரும், காவலையும் தரும். 923ஆம் குறளில் தாயின் முகத்தையும் 927ஆம் குறளில் ஊராரின் நகைப்பையும் வள்ளுவர் சுட்டியது நாணத்தின் ஆற்றலை அறிந்தமையாலேயே. ஆனால் நாணம் இருபுறமும் கூருடைய கத்தி. எள்ளி நகையாடப்படுபவன் அந்நகைப்பை மறக்கவும் குடிப்பான். ‘இன்றைக்கு ஒரு மாசமாச்சு’ என்று அயலவன் ஒருவன் கணக்கு வைத்திருப்பதோ அவனைத் தாங்கும். ஒரே கண், ஏளனமாகவும் துணையாகவும் அமையலாம். அது எவ்வாறு அமையும் என்பது அச்சமூகத்தின் பண்பைப் பொறுத்தது.

இவ்விடத்து இரு எச்சரிக்கைகள் இன்றியமையாதன. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தும்போது, சில மணித்தியாலங்களில் நடுக்கமும் வியர்வையும், அடுத்த சில நாட்களில் வலிப்பும் சித்தப் பிரமையும் தோன்றலாம். அவை உயிரைக் குடிக்கவும் கூடும். அத்தகையவனை லயத்தறையிலே கட்டிவைத்து மந்திரித்துக் கொண்டிருத்தல் அறியாமை. நுவரெலியாவுக்கோ டிக்கோயாவுக்கோ வேறெந்த வைத்தியசாலைக்கோ உடனே கொண்டுசெல்லுதலே முறை. சிகிச்சையின்றி மீண்டோர் பலர் என்பது சிகிச்சை வேண்டாம் என்பதற்கு நியாயமாகாது. மற்றையது, அருகிருப்போர் என்னும் சொல்லின் பின்னே மறைந்து நிற்பவர் பெரும்பாலும் பெண்களே. அடிவாங்கிய மனைவியைப் பொறுமையின் வடிவமென்று போற்றி, அவளையே கணவனுக்கு மருந்தாக்குதல் அநீதி. கணவனின் மீட்சிக்காக அவள் எதனை இழந்தாள் என்பதைக் கேளாத கதை பாதிக் கதையே.

எழுத்தின் முன்னுள்ள பணி

குடியை விட்டவனை எழுதுதல் ஏன் கடினம்? அவன் கதையில் நிகழ்ச்சி குறைவு. குடிகாரன் வாசலில் விழுவான், அடிப்பான், அழுவான். குடியாதவன் எதுவும் செய்யாமல் இருக்கின்றான். செய்யாமையைக் கதையாக்குதல் எளிதன்று. ஆனால் மலையகச் சிறுகதை இதனினும் அரிய பணியை முன்னரே செய்துள்ளது. கொழுந்து பறித்தல் நாள்தோறும் ஒரே விதமாக நிகழும் வேலை. என். எஸ். எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ அவ்வேலைக்குள்ளேயே ஒரு பெண்ணின் கைத்திறனையும் தன்மானத்தையும் கண்டது. புறத்தே பெரிய சம்பவம் எதுவும் நிகழாமலே, கூடையின் நிறை ஒரு மனிதப் பிரச்சினையாயிற்று. அத்தகைய கண்ணுக்கு, தவறணையைக் கடந்து செல்லும் ஒரு மாலைநேர நடையும் கதையாகும். சம்பளநாளில் அழைக்கும் கூட்டாளிக்கு அவன் சொல்லும் சாக்கு, திருமண வீட்டில் நீட்டப்படும் கிளாசு, இழவு வீட்டில் விழித்திருக்க வேண்டிய இரவு, ஒருமுறை தவறியபின் மறுநாட் காலை மனைவியின் முகத்தை நோக்க வேண்டிய நிலை ஆகிய ஒவ்வொன்றும் ஆழமான மோதல்களே. கூட்டாளியின் அன்பு உண்மையானது; அவன் நீட்டும் கிளாசும் அன்பினால் நீட்டப்படுவதே. அவ்வன்பை மறுக்காமற் கிளாசை மறுப்பது எவ்வாறு என்பதே குடியை விட்டவனின் அன்றாடப் போராட்டம். இதில் வில்லன் எவனும் இல்லை. அதனாலேயே இது நல்ல இலக்கியத்துக்கு உரிய பொருள்.

திறனாய்வுக்கும் இங்கு பொறுப்புண்டு. ஒரு பாத்திரம் சமூக நிலைமைகளின் பிரதிநிதியாக அமைந்துள்ளதா என்று வினவுதல் இன்றியமையாதது. ஆனால் அதனோடு நின்றுவிடின் மனிதன் நிலைமையின் நிழலாகிவிடுவான். நிலைமைகளை மனிதன் தன் விருப்பப்படி தெரிந்தெடுப்பதில்லை என்பது உண்மை. அந்நிலைமைகளுக்குள் அவனே செயற்படுகின்றான் என்பதும் அதேயளவு உண்மை. குடியை விட்ட தொழிலாளி இவ்விரண்டாம் உண்மையின் சான்று. அவனைக் காட்டுவதனால், சம்பளத்துக்கும் காணிக்கும் வீட்டுக்குமான போராட்டம் தேவையற்றது என்றாகாது. மாறாக, எவ்வளவு குறைந்த வளத்தைக் கொண்டு அவன் மீண்டான் என்பதைக் காணும் வாசகன், வளங்கள் கிடைத்திருப்பின் இன்னும் எத்தனை பேர் மீண்டிருப்பர் என்று வினவத் தொடங்குவான். மீண்டவனின் கதை மீளாதவனைப் பழிப்பதற்கு உரியதன்று. அவனுக்கு எது கிட்டவில்லை என்பதை அளப்பதற்கு உரியது.

இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்தமையை மலையக மக்கள் 2023இல் நினைவுகூர்ந்தனர். அந்நீண்ட காலத்தில் அவர்களைப் பற்றி ஆட்சியாளர் எழுதினர், துரைமார் எழுதினர், போதகர் எழுதினர். பின்னர் அவர்களே எழுதத் தொடங்கினர். பிறர் எழுதியவற்றில் இல்லாத ஒருவனை எழுதக்கூடிய வாய்ப்பு இவ்விறுதி அணியினருக்கே உண்டு. ஏனெனில், அவனைக் காண்பதற்குப் புள்ளிவிபரமோ வைத்தியசாலைப் பதிவேடோ உதவாது. அவன் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவன். அடுத்த காம்பராவில் வாழ்ந்தோரே அவனை அறிவர்.